"ஒண்ணுமில்ல, இங்க சும்மா ஒரு ஜோக்": வீட்டில் பாதி, ஆபீஸில் பாதி இருக்கும் டீம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீட்டிங் நடுவில் ஆபீஸ் அறையில் ஏழு பேர் குபீரென்று சிரிக்கிறார்கள். வீட்டில் இருப்பவருக்குத் திரையில் தெரிவது ஒரு நீள மேஜை, அதன் கோடியில் கட்டைவிரல் அளவுக்குச் சில தலைகள். காதில் வெறும் இரைச்சல். "என்னாச்சு?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்ல, இங்க சும்மா ஒரு ஜோக். சரி, அடுத்த டிக்கெட் பார்க்கலாமா?"

அந்த "ஒண்ணுமில்ல"வைச் சொன்னது நான்தான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கோவில்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்த்த தம்பி ஒருவர், வேலையை விட்டுப் போகிற வாரத்தில்தான் வாய் திறந்தார். "வேலையெல்லாம் புடிச்சுத்தாண்ணே இருந்துச்சு. நீங்க எல்லாரும் சிரிக்கும்போது மட்டும், அடுத்த வீட்டு டிவி சத்தத்தைச் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேக்குற மாதிரி இருக்கும்."

அவர் போன பிறகு நானே செய்ததையும் பக்கத்து டீம்களில் பார்த்ததையும் யோசித்துப் பார்த்தேன். "வீட்டில் இருக்கிறவங்க ஒட்டவே மாட்டேங்கிறாங்க" என்று நாம் குறைப்படுகிறோமே, அதில் முக்கால்வாசி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் கெடுத்து வைத்தது. டீ, லிஃப்ட், கேப் என்று நமக்குப் பேச்சு தானாகக் கிடைத்துவிடுவதால், அடுத்தவருக்கு அது கிடைக்கவில்லை என்பதே உறைப்பதில்லை.

அந்த அறையில் இருந்தே தொடங்கலாம். ஒரு அறை, ஒரு கேமரா, மேஜை நடுவில் ஒரு மைக் என்கிற ஏற்பாடு முடிவுகளைப் படித்துக் காட்டப் போதும், அரட்டைக்கு ஆகாது. எங்கள் டீமில் இப்போது அறையில் உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு லேப்டாப்பில் சேர்ந்துவிடுகிறோம். ஒரு லேப்டாப்பின் மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அறை ஊளையிடும். இதனால் எல்லோருடைய முகமும் ஒரே அளவில் தெரிகிறது, யார் சிரிக்கிறார், யார் முறைக்கிறார் என்று வீட்டில் இருப்பவருக்கும் புரிகிறது. அப்புறம், அறையில் யாராவது ஜோக் அடித்தால் பக்கத்தில் இருப்பவர் அதை மைக் அருகே வந்து இன்னொரு முறை சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால் ஜோக் செத்துவிடும்தான். செத்த ஜோக்காவது அவருக்குக் கிடைக்கட்டுமே.

அடுத்தது, எல்லா ஹெச்.ஆர். ஆட்களுக்கும் பிடித்த வெள்ளிக்கிழமை நாலு மணி. பெயர் ஊருக்கு ஊர் மாறும், சங்கதி ஒன்றுதான்: காலண்டரில் ஒரு மணி நேரம், வருகை கட்டாயம், கேமரா கட்டாயம், இரண்டு உண்மை ஒரு பொய் சொல்லும் விளையாட்டு, இருபத்தைந்து சதுரங்களில் இருபத்தைந்து முகங்கள், ஒருவர் பேச மற்றவர்கள் மேலுக்குச் சிரித்துக்கொண்டே கீழே மெயில் பார்ப்பது. நானும் இதை எட்டு வாரம் நடத்தினேன். ஒன்பதாவது வாரம் ஒருவர் "இன்னைக்கு பவர் கட்" என்று மெசேஜ் அனுப்பினார், ஐந்தே நிமிடத்தில் மூன்று வேறு வேறு ஊர்களில் பவர் கட் ஆனது.

இது ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு ஒரு காரணம் ஆட்களிடம் இல்லை, கருவியில் இருக்கிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2009ல் பத்து மொழிகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வில் மொழிக்கு மொழி சிறு வித்தியாசங்கள் இருந்தாலும் எல்லாமே அதை ஒட்டித்தான் இருந்தன. வீடியோ காலில் குரல் போய்ச் சேரும் தாமதமே அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்து, "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று பந்தி உபசாரம் நடத்துவது அதனால்தான். இது ஒரு பக்கம் என்றால், டீக்கடையில் ஆறு பேர் நின்றால் அங்கே மூன்று பேச்சு நடக்கும், ஒன்று அலுத்தால் கிளாஸோடு அடுத்ததற்கு நகர்ந்துகொள்ளலாம். வீடியோ காலில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே பேச்சுதான், அது அலுத்தால் ஓட வழியில்லை.

அதனால் பெரிய கூட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர், பதினைந்து இருபது நிமிடம், பிடித்தால் வரலாம், பிடிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டாம். ஸ்லாக் என்கிற ஆபீஸ் சாட்டில் ஓடும் டோனட் போன்ற செயலிகள் குலுக்கல் முறையில் ஜோடி சேர்த்துவிடுகின்றன, ஆனால் குலுக்கலை மட்டும் நம்பினால் பாதி ஜோடி பேசாமலே அடுத்த வாரம் வந்துவிடும். எங்களுக்குப் பலித்தது இன்னும் சாதாரணமான ஒன்று. அரை மணி நேர வேலை மீட்டிங்கை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "நான் கட் பண்ணல, இருக்கிறவங்க இருங்க" என்று சொல்வேன். பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதி இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். மழையா, வெயிலா, அந்த மிக்ஸி சத்தம் உங்க வீட்டிலா எங்க வீட்டிலா என்று தொடங்கும். உள்ளதைச் சொன்னால், நம் ஊரில் கல்யாண வீட்டில் பேச்சு கல்யாணத்தில் நடப்பதில்லை, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் நடக்கிறது.

பேண்ட்ரியில் டிவி மாட்டும் யோசனை உங்கள் ஆபீஸிலும் யாருக்காவது வந்திருக்கும். எந்நேரமும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டில் இருப்பவர்கள் எட்டிப்பார்த்துப் பேசலாம், நடைபாதைச் சந்திப்பு மாதிரி. புது யோசனை போலத் தெரியும், ஆனால் இதற்கு வயது நாற்பதுக்குப் பக்கம். 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடம் போர்ட்லேண்டில் இருந்த தன் கிளையோடு இப்படி ஓயாத வீடியோ இணைப்பு வைத்துப் பார்த்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் பெல்கோர் என்ற அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனம் ஒரே கட்டடத்தின் இரண்டு தளங்களில் காபி குடிக்கும் இடங்களைச் பெரிய திரைகளால் இணைத்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஆள் வருவது தெரிந்தும், நேரில் பார்த்திருந்தால் பேசியிருப்பவர்கள் பல தடவை பேசாமலே நகர்ந்துவிட்டார்கள். கண் கண்ணைச் சந்திப்பதில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று கிட்டப் போனால் கேமராவின் பார்வையை விட்டே விலகிவிடுகிறோம். மெதுவாக ஒரு விஷயம் சொல்லவும் வழியில்லை. பாதி அரட்டை குரலைத் தாழ்த்திச் சொல்வதுதானே! சும்மா திறந்து வைத்த திரை, பேசத் தூண்டுவதைவிட யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற நினைப்பைத்தான் கொடுக்கும்.

இதைவிட மலிவான, இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது: டீம் லீட் அனுப்பும் "ஹாய்". வெறும் ஹாய், பெயர்கூடக் கிடையாது. பின்னால் மூன்று புள்ளிகள் துடித்துத் துடித்து நின்றுவிடும். சேலத்தில் இருந்து வேலை பார்க்கும் எங்கள் டெஸ்டர் ஒருநாள் நேராகவே கேட்டார், "நீங்க ஹாய்னு அனுப்பினாலே வயித்தைக் கலக்குது, என்ன உடைஞ்சுதுன்னு சேர்த்தே அனுப்பிடுங்களேன்." நான் பழைய சாட்டை மேலே தள்ளிப் பார்த்தேன். ஏழு மாதம், ஒரு வரிகூட வேலை இல்லாமல் அவருக்கு நான் அனுப்பியதில்லை. அப்படி இருக்க, திடீரென்று ஒருநாள் "என்ன, எப்படிப் போகுது?" என்று கேட்டால் அவர் அதை விசாரணையாகத்தானே எடுத்துக்கொள்வார். இப்போது வேலை என்றால் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை இல்லை என்றால் "வேலை விஷயம் இல்லை" என்றே ஆரம்பிக்கிறேன். அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

கேள்வியும் கேள்வியாக இருக்க வேண்டும். "வீக்கெண்ட் எப்படிப் போச்சு?" என்றால் "நல்லா போச்சு", முடிந்தது கதை. "போன வாரம் மோட்டார் ரிப்பேர்னு சொன்னீங்களே, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்துக்கு பிளம்பர் புராணம் வரும். இதற்குப் போன வாரம் அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத் துருவிக்கொண்டும் போகக் கூடாது. "சொந்த ஊர் எது?"வில் ஆரம்பித்து, "ஊர்ல எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" என்று போகிற கேள்விகள் எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கல்யாணம் எப்போ, குழந்தை எப்போ, சம்பளம் எவ்வளவு, இவையும் அந்தக் கணக்குதான். நேரில் என்றால் முகம் சுருங்குவதைப் பார்த்தாவது நிறுத்திக்கொள்வோம், சாட்டில் அதுவும் தெரியாது.

மொழி விஷயத்தில் நாங்கள் ரொம்ப நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். புனேயில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, கொச்சியில் இருப்பவருக்குப் பாதி புரியும். வேலைப் பேச்சு ஆங்கிலத்தில், அரட்டை தமிழில். அதாவது, வேலைக்கு மட்டும் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு மற்ற நேரம் கதவைச் சாத்திக்கொண்டோம். தமிழில் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அப்படி நிறுத்தினால் அரட்டையில் உப்பே இருக்காது. நடுநடுவே ஒருவர் இரண்டு வரியில் சொல்லிக்கொண்டே வந்தால் போதும். புனேக்காரர் இப்போது "செம", "மொக்கை", "சும்மா" மூன்றையும் சரியான இடத்தில் போடுகிறார், குறிப்பாக என் ஜோக்குகளுக்கு இரண்டாவதை.

டீ நேரத்தில் நடக்கும் முடிவுகள் தனி ரகம். அரட்டை வேறு, முடிவு வேறு. டீ குடிக்கும்போது "அந்த மாட்யூலை அவங்களுக்கே கொடுத்துடலாம்" என்று பேசி முடித்துவிட்டு, மறுநாள் காலை ஸ்டேண்டப் என்கிற தினசரிக் குட்டி மீட்டிங்கில் அதைப் பழைய செய்தி போலச் சொன்னால், தூரத்தில் இருப்பவருக்கு அந்த டீயின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அந்த வெறுப்பில் நியாயமும் இருக்கிறது. சீனாவின் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் நடத்திய பரிசோதனையைப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் 2015ல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது, ஆனால் அதே அளவு நன்றாக வேலை செய்த ஆபீஸ்காரர்களோடு ஒப்பிட்டால் பதவி உயர்வு கிடைப்பது அவர்களுக்குக் குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் நினைவில் நிற்பதில்லை. ஆகவே டீயில் உருப்படியாக ஏதாவது பேசினால், கிளாஸைக் கீழே வைத்ததும் போனை எடுத்து டீமின் சாட் சேனலில் இரண்டு வரி போடுங்கள்: இப்படி ஒரு யோசனை வந்தது, இன்னும் முடிவாகவில்லை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்பது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

அரட்டைக்கென்றே ஒரு சேனல் வைப்பது நல்லதுதான், அதைக் குட் மார்னிங் படங்களும் பிறந்தநாள் கேக்கும் மூடிவிடாமல் பார்த்துக்கொண்டால். மேலதிகாரி எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகக் கட்டைவிரல் தூக்கினாலும் அது படுத்துவிடும். அவர் பத்தில் ஒன்றுக்கு வந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் காசும் அதிகம் வீணாகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை எல்லோரையும் சென்னைக்கு வரவழைப்போம். டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. வந்த ஆளைக் காலை ஒன்பதரையில் இருந்து மாலை ஆறு வரை ஏசி அறையில் போட்டு ஸ்லைடு காட்டுவோம், அதை அவர் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். போன முறை இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் எதுவுமே போடவில்லை. கேப் வைத்து எங்கேயும் கூட்டிப் போகவும் இல்லை. மூன்று மணிக்கு வழக்கம்போல டீக்கு இறங்கினோம், சேலம் டெஸ்டரும் கூட வந்தார். டீ மாஸ்டர் எங்கள் ஒன்பது பேருக்கும் கேட்காமலேயே சர்க்கரை கூட்டி, குறைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றார். எங்கள் ஜூனியர் பையன் முந்திக்கொண்டு, "அவங்களுக்கு சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா போடுங்கண்ணே" என்றான். அவர் திரும்பி, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "கால் முடிஞ்சப்புறம் நீங்கதானே சொன்னீங்க, மிக்ஸி ஓடின அன்னைக்கு."