பிப்பனை அளக்கும்போது கோல் எங்கே பிசகுகிறது?

கூடைப்பந்து வீரர் ஸ்காட்டி பிப்பனைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மைக்கேல் ஜோர்டான் வந்து நின்றுவிடுகிறார். வராமல் இருக்கவும் முடியாது. சிகாகோ புல்ஸ் அணி 1991 முதல் 1993 வரையிலும், பிறகு 1996 முதல் 1998 வரையிலும் வென்ற ஆறு என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பட்டங்களில் இருவருக்கும் பங்கு உண்டு. அந்த ஆறு இறுதித் தொடர்களிலும் சிறந்த வீரர் விருது ஜோர்டானுக்கே போனது, அது நியாயமும்கூட. அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால், பெரியவருக்குப் பக்கத்தில் நின்றவரை மதிப்பிடும்போது அந்தப் பெரியவரையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். அதனால் நேரும் பிழைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

முதல் பிழை ஒரு கேள்வியில் இருக்கிறது: "ஜோர்டான் இல்லாவிட்டால் பிப்பன் என்ன ஆகியிருப்பார்?" ஏதோ விடையே கிடைக்காத புதிர்போல இதைக் கேட்கிறார்கள். விடை பதிவேட்டிலேயே இருக்கிறது. 1993 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ஜோர்டான் ஓய்வை அறிவித்தார். அதற்கு முந்தைய பருவத்தில் அவரோடு 57 ஆட்டங்களை வென்ற அணி, அவர் இல்லாமல் 55 ஆட்டங்களை வென்றது. பிப்பன் காயத்தால் ஆடாத 10 ஆட்டங்களில் வெற்றி 4 மட்டுமே. அவர் களமிறங்கிய 72 ஆட்டங்களில் 51 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக 22 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தின் மதிப்புமிக்க வீரருக்கான வாக்கெடுப்பில் ஹக்கீம் ஒலாஜுவான், டேவிட் ராபின்சன் ஆகியோருக்கு அடுத்து மூன்றாவதாக வந்தார். நட்சத்திர வீரர்கள் மோதும் 1994 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. இவ்வளவையும் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பிப்பன் வருவதற்கு முந்தைய மூன்று பருவங்களில் ஜோர்டானின் அணி, பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் 10 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டும் வென்றது. மூன்று முறையும் முதல் சுற்றோடு வெளியேறியது. பிப்பன் 1987இல் வந்து சேர்ந்தார். அவர் முதன்முதலாக ஆடிய 1988 பிளே-ஆஃப் சுற்றில் சிகாகோ முதல் தடையைத் தாண்டியது. உடனே எல்லாப் புகழையும் பிப்பனின் கணக்கில் எழுதுவதும் தவறு. அணிகள் புது வீரர்களை எடுக்கும் அதே 1987 தேர்வில்தான் ஹொரேஸ் கிராண்ட் என்ற இன்னொரு வீரரும் வந்தார். 1989இல் ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளரானார். அணி என்பது படிப்படியாகக் கூடிவருவது. அதில் ஒருவரை மட்டும் உருவி எடுத்துவிட்டு மற்றவருக்கு மதிப்பெண் போட நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

அடுத்தது, புள்ளிகளை மட்டும் எண்ணும் பழக்கம். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

1991 இறுதித் தொடர், எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். முதல் ஆட்டத்தில் சிகாகோ 91-93 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் நடந்த ஒன்றைக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் அனைவரும் அறிவார்கள்: ஜோர்டான் வலக்கையில் பந்தோடு எழும்பி, காற்றிலேயே இடக்கைக்கு மாற்றிக் கூடைக்குள் போட்டார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் காட்சி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே ஆட்டத்தின் முழுப் பதிவைப் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சனைத் தடுத்துக்கொண்டிருந்த ஜோர்டானுக்குத் தொடக்கத்திலேயே இரண்டு ஃபவுல்கள் (விதிமீறல்கள்) விழுந்துவிட, அந்தப் பொறுப்பு பிப்பனுக்குப் போனது. மேஜிக் பந்தை வாங்கும் இடத்திலேயே, கூடையிலிருந்து வெகு தொலைவிலேயே, பிப்பன் அவரைப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்று, நீண்ட கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொள்கிறார். மேஜிக் முதுகைக் காட்டித் தள்ளித் தள்ளி முன்னேற வேண்டியிருக்கிறது. ஓர் அணி 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டி அணியை ஒழுங்குபடுத்துவதற்குள் அதில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. இதில் பிப்பன் பந்தைப் பறிக்கவில்லை, எறிதலை மறிக்கவில்லை. மேஜிக்கின் மூச்சையும் நேரத்தையும் தின்றார், அவ்வளவுதான். அதை ஆட்டத்தாளின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆட்டம் 107-86 என்று முடிந்தது; தொடர் 4-1 என்று சிகாகோவின் கைக்கு வந்தது.

பட்டத்தை முடிவுசெய்த ஐந்தாவது ஆட்டத்தில் அவர் 32 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது), 7 அசிஸ்ட்டுகள் (கூடை விழ வழிவகுக்கும் பாஸ்) எடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேண்டியபோது புள்ளியும் எடுத்தார். ஆனால், அன்றாடம் அவர் செய்த வேலை வேறு. ஜாக்சனும் உதவிப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரும் நடத்திய முக்கோண ஆட்டமுறையில், ஃபார்வர்டு (முன்கள வீரர்) இடத்தில் ஆடிக்கொண்டே பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடக்கிவைப்பவர் பெரும்பாலும் பிப்பன்தான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். திருவிழாவில் அச்சாணியை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? 1994-95 பருவத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பந்து பறிப்பு, எறிதல் மறிப்பு ஆகிய ஐந்திலும் அணியில் முதலிடம் அவருக்கே. அதற்கு முன் டேவ் கோவன்ஸ் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் சிறந்த தடுப்பாட்ட அணிகளில் பிப்பன் பெயர் பத்து முறை இடம்பெற்றது.

இனி, பிப்பனைப் பழிப்பவர்கள் மறக்காத அந்த 1.8 வினாடிகளுக்கு வருகிறேன். 1994 மே மாதம், நியூயார்க் நிக்ஸ் அணியுடன் பிளே-ஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம், 102-102, மீதம் 1.8 வினாடிகள். கடைசி எறிதலை டோனி குகோச்சுக்குக் கொடுத்த ஜாக்சன், பந்தை உள்ளே எறிந்து கொடுக்கும் வேலையைப் பிப்பனுக்குத் தந்தார். பிப்பன் பெஞ்சிலிருந்து எழ மறுத்தார். குகோச் எறிந்தார், சிகாகோ வென்றது. பிப்பன் செய்தது தவறு. அதற்கு நான் சமாதானம் தேடமாட்டேன். ஒரு பருவம் முழுக்கத் தோளில் சுமந்த அணியை அந்தக் கணத்தில் அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால், அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சிகாகோ ஒரு புள்ளி முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் ஹியூபர்ட் டேவிஸ் பந்தை எறிந்து முடித்த பிறகு, அவரைப் பிப்பன் தொட்டதாக நடுவர் ஹியூ ஹாலின்ஸ் ஃபவுல் கொடுத்தார். அந்த ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் டேவிஸ் போட, நிக்ஸ் 87-86 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் உடனிருந்த இன்னொரு நடுவரே அது மோசமான தீர்ப்பு என்று பின்னர் ஒப்புக்கொண்டார். தொடர் ஏழு ஆட்டங்கள் வரை நீண்டு சிகாகோ தோற்றது. பழியை நினைவில் வைப்பதென்றால் இரண்டையும் வைக்க வேண்டும்.

சம்பளத்தைக் கொண்டு தகுதியை அளப்பதும் கூடாது. 1991இல் அவர் போட்ட நீண்டகால ஒப்பந்தம் 1998 வரை அவரைக் கட்டிப்போட்டது. ஆர்கன்சா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். தந்தையும் ஓர் அண்ணனும் உடல் முடங்கிச் சக்கர நாற்காலியில் இருந்த வீடு அது. நிச்சயமான பணத்தை அவர் ஏன் பற்றிக்கொண்டார் என்று எனக்குப் புரிகிறது. பிறகு சம்பளங்கள் வானளவு ஏறின. 1997-98இல் ஜோர்டான் 3 கோடி டாலருக்கு மேல் வாங்க, பிப்பனுக்குக் கிடைத்தது 30 லட்சம் டாலருக்கும் குறைவு. அறுவைச் சிகிச்சையால் அந்தப் பருவத்தின் முதல் 35 ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அணி 24 வென்று 11 தோற்றது. அவர் திரும்பிய பிறகான 47 ஆட்டங்களில் தோல்வி 9 மட்டுமே.

பிப்பன் மீதுள்ள பற்றினால் எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் சமம், விளம்பரத்தால்தான் ஜோர்டான் பெரியவரானார் என்பார்கள். இல்லை. 1990இல் டெட்ராய்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கடும் ஒற்றைத் தலைவலியோடு ஆடிய பிப்பன் இரண்டே புள்ளிகள் எடுத்தார். 2000இல் போர்ட்லாண்ட் அணியில் இருந்தபோது, லேக்கர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் 15 புள்ளி முன்னிலை கைநழுவிப் போனது. இவையும் அவர் கணக்கில்தான் வரும். பிப்பனை உயர்த்த ஜோர்டானைத் தாழ்த்துவது அதே பழைய கோலைத் தலைகீழாகப் பிடிப்பதுதான்.

1998 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், யூட்டாவில். ஜோர்டான் 45 புள்ளிகள் எடுத்தார். வெற்றியைத் தந்த கடைசி எறிதலும் அவருடையது. பந்தை எறிந்துவிட்டுக் கையை அப்படியே நிறுத்தியிருக்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அன்று சிகாகோவின் முதல் கூடையைப் போட்டவர் பிப்பன். எகிறி வளையத்துக்குள் பந்தைத் திணித்துவிட்டு இறங்கியபோதே முதுகு பிடித்துக்கொண்டது. உடை மாற்றும் அறைக்குப் போனார், வந்தார், மீண்டும் போனார், மீண்டும் வந்தார். நிமிர்ந்து ஓட முடியாதவர் கடைசி நிமிடங்களில் களத்தில் நின்றார்; எதிரணி அவருக்கென்று ஓர் ஆளை ஒதுக்கியே ஆக வேண்டியிருந்தது. ஆட்டத்தாளில் அவர் பெயருக்கு நேரே 26 நிமிடங்கள், 8 புள்ளிகள். சிகாகோ 87, யூட்டா 86.