சொட்டு மருந்துப் பெட்டியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள்

என் மகனுக்கு அப்போது 9 வயது. வெயில் ஏறினாலே கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொள்வான். டாக்டர் இரண்டு வாரத்துக்குச் சொட்டு மருந்து எழுதினார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. அப்புறம் அரிப்பு வந்தபோதெல்லாம் காலி அட்டைப்பெட்டியை மருந்துக்கடையில் நீட்டி நானே வாங்கிப் போட்டேன், ஐந்து மாதம். கண்ணாடி வேண்டுமோ என்று கூட்டிப்போன இடத்தில் கண் பிரஷர் பார்த்தார்கள். 34. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. பிள்ளைக்கு வலியே இருந்ததில்லை.

அந்தச் சொட்டு மருந்தில் இருந்தது ஸ்டீராய்டு, அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து. அது சிலருக்கு இப்படிச் செய்யும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடை அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும். கெட்ட நரம்பு திரும்ப வராது. யாருக்கு ஏறும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டில் இருக்கும் மருந்தை எடுங்கள். பெரிய எழுத்துப் பெயரை விடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று போட்டிருக்கும். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினால் தெரியும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன், டைஃப்ளுப்ரெட்னேட் எல்லாமே ஸ்டீராய்டுதான். ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் கலந்தும் வரும், அதனால் கடைசி வரி வரை படியுங்கள். இமையில் தடவும் தோல் களிம்பையும் இப்படியே பாருங்கள்.

ஸ்டீராய்டு இருந்தால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகோ கண்ணுக்குள் அழற்சிக்கோ கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் இரண்டே கேள்வி: "எத்தனை நாள் போடணும்? பிரஷர் எப்போ பார்க்கணும்?" பெரும்பாலும் சில வாரங்களில்தான் ஏற ஆரம்பிக்கும். சீட்டில் எழுதிய நாள் முடிந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள், பாதி மிச்சம் இருந்தாலும்.

மருந்தால் கண் பிரஷர் ஏறுவதில் இன்னொரு வகை வேகமானது, அது ஸ்டீராய்டு இல்லாமலும் வரும். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் டோபிரமேட் மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில், திடீரென்று இரண்டு கண்ணிலும் பார்வை மங்கினாலோ, வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, தலைவலிதானே என்று படுக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் மகனுக்கு மருந்தை மாற்றினார்கள், பிரஷர் 16-க்கு இறங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் அளக்கிறோம்.