சிப் போட்ட டீசல் வண்டி ஏற்காடு ஏற்றத்தில் திணறினால்: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது

சேலம் டவுனுக்குள் அருமையாக ஓடும் வண்டி, அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் கரும்புகை தள்ளும். செக் இன்ஜின் லைட் எரியும். இழுவை சட்டென்று செத்துப்போய், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். இழுவையைக் கூட்டப் பவர் சிப் மாட்டிய டீசல் வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இதுதான். இன்ஜெக்டர், டர்போ என்று பெரிய செலவை இழுத்துவிட்டுக்கொள்வதற்கு முன்னால் வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலும் கையில் இருக்கும் சாமான்களை வைத்தே கோளாறு பிடிபட்டுவிடும். ஒரு மல்டிமீட்டர், வண்டியின் கோளாறு எண்ணைப் படித்துக் காட்டும், மொபைலோடு சேரும் ஓ.பி.டி ஸ்கேனர், ஒரு டார்ச், சோப்புத் தண்ணீர் போதும்.

இங்கே சிப் என்று சொல்வது, காமன் ரெயில் இன்ஜினில் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் பொதுக் குழாய்) பிரஷர் சென்சாருக்கும் இ.சி.யூவுக்கும் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) நடுவே மாட்டும் சின்னப் பெட்டியை. ஓ.பி.டி சாக்கெட்டில் சொருகும் மலிவுச் சிப்களில் பல விளக்கை மினுக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. அதைப் போட்ட பிறகு கோளாறு வந்திருந்தால் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை மட்டும் பாருங்கள். இ.சி.யூவையே ரீமேப் செய்திருந்தால் (அதன் உள்ளே இருக்கும் ஃபைலையே மாற்றியிருந்தால்) கழற்ற எதுவும் இல்லை. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பெட்டி இ.சி.யூவிடம் ஒரு பொய் சொல்கிறது. ரெயிலில் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. இ.சி.யூ 1400 பார் கேட்கும்போது பெட்டி 10 சதவீதம் குறைத்துக் காட்டினால், பம்ப் மேலும் தள்ளி, உண்மையில் 1550 பாருக்கு மேல் போய் நிற்கும். இன்ஜெக்டர் திறக்கும் நேரம் அதேதான். அழுத்தம் கூடியதால் டீசல் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. எவ்வளவு கூடுதல் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். டீசல் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும். மேலே சொன்ன கணக்கில் கிடைப்பது 5 சதவீதம் சொச்சம். இந்த வழியில் மட்டும் 20 சதவீதம் கூடுதல் டீசல் வேண்டுமானால் அழுத்தத்தை 44 சதவீதம் ஏற்ற வேண்டும். எந்தப் பம்பும் ரெயிலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே செட்டிங்கைக் கடைசிப் புள்ளி வரை திருகிவிட்டு ஓட்டுபவர்களுக்குத்தான் முதலில் கோளாறு வரும்.

இந்தப் பொய்யால் இரண்டு விஷயம் தலைகீழாகிவிடும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் தெரியும் ரெயில் பிரஷர் உண்மையான பிரஷர் கிடையாது, பெட்டி சொன்ன பிரஷர். மீட்டரில் காட்டும் மைலேஜும் நம்பத்தக்கதல்ல. கூடுதலாக இறங்கிய டீசல் இ.சி.யூவின் கணக்கிலேயே வராது. டேங்கை வாய் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய வழிதான் சரி.

முதலில் கழற்றிப் பாருங்கள்

கோளாறு எண்ணை ('கோடு') அழிப்பதற்கு முன்னால் ஸ்கேனரில் படித்து, ஃப்ரீஸ் ஃபிரேம் (கோளாறு பதிவான நொடியின் நிலை) விவரத்தோடு எழுதி வையுங்கள்: எந்த ஆர்.பி.எம், என்ன லோடு, கூலன்ட் சூடு எவ்வளவு. அழித்துவிட்டால் அந்த விவரமும் போய்விடும். பிறகு சாவியை எடுத்துவிட்டு இ.சி.யூ தூங்கப் போக 15 நிமிடம் விடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்டியின் இரண்டு கனெக்டரையும் எடுத்து, ஒரிஜினல் கனெக்டரைச் சென்சாரில் 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை சொருகுங்கள். பின் வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏற்காட்டு மழையிலும் பனிமூட்டத்திலும் நின்ற வண்டிகளில் கனெக்டருக்குள் ஈரம் இறங்கியிருப்பது சாதாரணம்.

கனெக்டரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்பு பைப்பை இன்ஜின் ஓடும்போது தளர்த்துவதோ, கசிவு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பதோ உயிருக்கு ஆபத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்க வேண்டுமானால் ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள்.

இப்போது கோளாறு எண்ணை அழித்துவிட்டு அதே ரோடு, அதே ஆள், அதே லோடு, ஏ.சி அதே நிலையில் வைத்து ஏறுங்கள். கோளாறு போய்விட்டால் பெட்டிப் பக்கம். போகவில்லை என்றால் வண்டியில் ஏற்கெனவே இருந்த குறையைச் சிப் வெளியே கொண்டுவந்திருக்கிறது. இரண்டாவதுதான் நிறைய நடக்கிறது.

பெட்டிப் பக்கம்

பெட்டியைத் திரும்ப மாட்டி மல்டிமீட்டரை எடுங்கள். சென்சாரில் மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். ஒயர் தோலைக் குத்தாமல், கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து, சிக்னலைச் சென்சார் பக்கமும் இ.சி.யூ பக்கமும் அளவெடுங்கள். பல சென்சார்களில் 0 பாருக்கு 0.5 வோல்ட், முழு அளவுக்கு 4.5 வோல்ட். முழு அளவு 1800 பார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 450 பார். ஐடிலில் 1.1 வோல்ட் காட்டினால் 270 பார், சரியான அளவுதான். உங்கள் வண்டிச் சென்சாரின் முழு அளவை அதன் மேல் இருக்கும் எண்ணை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாவி போட்டு, இன்ஜின் ஓடாதபோது இரண்டு பக்கமும் 0.5 இருக்க வேண்டும். ஐடிலிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல பெட்டி லோடு ஏறிய பிறகுதான் கைவைக்கும். ஐடிலிலேயே இ.சி.யூ பக்கம் குறைந்தால் இன்ஜின் கடகடவென்று தட்டும். செல்ஃப் எடுக்கும்போதே குறைத்துச் சொல்லும் பெட்டி என்றால் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் வரும். இன்ஜெக்டரைத் திறக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் ரெயிலில் ஏறட்டும் என்று இ.சி.யூ காத்திருக்கும், அது ஏறியும் ஏறவில்லை என்று பெட்டி சொல்லிக்கொண்டிருக்கும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், செட்டிங்கில் சரியாகாது.

பி0190 முதல் பி0193 வரையான கோடு வந்தால் பெரும்பாலும் ஒயர், பின், எர்த் கோளாறு. பெட்டியை இன்ஜின் மேலேயே கட்டியிருந்தால் சூட்டில் உள்ளே பற்றுவைத்த இடம் விட்டிருக்கும். வண்டி சூடானதும் மிஸ் ஆகி, ஆறினால் சரியாவது இதன் அடையாளம். பேட்டரி ஓரமாக, டர்போவுக்கும் சைலென்சர் பைப்புக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

மலையில் மட்டும் ஏன்

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல். மேலே காற்றழுத்தம் சேலத்தை விட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் இ.சி.யூ, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரைப் பார்த்து, புகை வராத அளவுக்கு டீசலைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியோ தன் பங்கைக் குறைப்பதில்லை. அதனால்தான் ஓமலூர் ரோட்டில் வராத புகை கொண்டை ஊசி வளைவில் வருகிறது.

ஓட்டும் விதமும் சேர்ந்துகொள்கிறது. வளைவில் இரண்டாவது கியரில் 1200 ஆர்.பி.எம்முக்கு இறங்கிவிட்டு, திரும்பியதும் முழுக்க மிதித்தால் டர்போ இன்னும் சுற்றவே ஆரம்பித்திருக்காது. டீசல் மட்டும் கொட்டும். இதில் வரும் ஒரு கொத்துப் புகைக்கு மெக்கானிக் தேவையில்லை. முதல் கியருக்கு மாற்றி, 1800 தாண்டிய பிறகு மிதியுங்கள்.

ஆர்.பி.எம் ஏறிய பின்னும் புகை விடாமல் வந்தால் காற்றுப் பக்கம் போங்கள். ஏர் ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். அடுத்து இன்டர்கூலர் ஹோஸ், அதாவது டர்போ தள்ளும் காற்று போகும் ரப்பர் குழாய். ஏற்றத்தில் 'உஸ்' என்று சத்தம் வந்தாலோ, கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ அங்கேதான் காற்று போகிறது. சிப் போடுவதற்கு முன் தாங்கிய பழைய ரப்பர், கூடுதல் பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) வாய் பிளக்கும். ஏர் ஃபில்டர் பக்கம் பைப்பை மூடி, கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வைத்து 0.7 பார், அதிகபட்சம் 1 பார் காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் கொடுத்தால் ஆயில் சீல் போய்விடும். பி0299 கோடு (பூஸ்ட் குறைவு) பெரும்பாலும் இந்தக் கசிவுதான். இல்லையென்றால் டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கம் குழாயில் வெடிப்பு.

பி0234 இதற்கு நேர் எதிர், ஓவர் பூஸ்ட். பூஸ்ட்டை அளக்கும் மேப் சென்சாரிலும் சேர்த்து மாட்டும் பெட்டிகளில் வரும். மலை மேலே அதே பூஸ்ட்டை எட்ட டர்போ ஏற்கெனவே கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது. அதன் மேல் இன்னும் கேட்டால் இ.சி.யூ லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காக்க இழுவையைக் குறைக்கும் நிலை) போய்விடும். ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டதும் இழுவை திரும்பி வந்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட எல்லை மீறல்தான். பெட்டியின் மேப் கனெக்டரை மட்டும் எடுத்து, ஒரிஜினல் கனெக்டரை மேப் சென்சாரில் திரும்பச் சொருகிவிட்டு ஓட்டுங்கள்.

டீசல், கிளட்ச், சூடு

பி0087 என்றால் கேட்ட அழுத்தம் வரவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றி, கிண்ணத்தில் தங்கிய தண்ணீரை வடியுங்கள். பாதி அடைத்த ஃபில்டர் சாதாரண ஓட்டத்துக்குப் போதும். பம்ப் கூடுதலாகத் தள்ளும்போதுதான் பற்றாமல் போகும். ஃபில்டர் புதிதாகியும் கோடு வந்தால் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு பங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. பி0088 வந்தால் செட்டிங் அளவுக்கு மேல். ரெயிலின் ரிலீஃப் வால்வ் இப்படி அடிக்கடி திறந்தால் பிறகு சரியாக மூடாது. கோடு ஒருமுறை வந்தாலே குறைத்துவிடுங்கள்.

கிளட்சைச் சமதளத்தில் சோதியுங்கள். நான்காவது கியர், 40 கிலோமீட்டர் வேகம், முழு மிதி. ஆர்.பி.எம் மட்டும் துள்ளி, வேகம் அதோடு ஏறாமல் நின்றால் பிளேட் வழுக்குகிறது. தேய்ந்த பிளேட்டோடு சிப்பையும் வைத்துக்கொண்டு மலை ஏறினால் பாதி வழியில் கருகும்.

சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து கிளம்பும்போதே வண்டி சூடாக இருக்கும். கூலன்ட் முள் வழக்கத்தை விட ஏறினால் ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த மண், பூச்சியைக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அது பெட்டி கொடுத்த சூடாக இருக்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் டி.பி.எஃப் (புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) இருக்கிறது. சிப் கூட்டும் புகைக்கரி முழுவதும் அதில்தான் போய் அடையும். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் சிப் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. போட்டிருந்தால் அந்தக் கரி எரிந்துபோக வாரம் ஒருமுறை சங்ககிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் 60க்கு மேல், 2000 ஆர்.பி.எம்மில் 20 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் டீசல் கலக்கிறது. ஆயிலை உடனே மாற்றுங்கள். வாரன்டி உள்ள வண்டியில் சிப் போட்ட தடம் தெரிந்தால் இன்ஜின் க்ளெய்ம் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லாம் சரிசெய்த பின் பெட்டியை மிகக் குறைந்த செட்டிங்கில் மாட்டி, ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை ஏற்றம், வந்து ஒரு ஸ்கேன். முழு மிதி சோதனையை வளைவில் செய்யாதீர்கள், இரண்டு வளைவுக்கு நடுவே நேராகப் போகும் இடத்தில், எதிரே வண்டி இல்லாதபோது செய்யுங்கள். புகையோ கோடோ வந்த புள்ளிக்கு ஒன்று முந்தைய புள்ளிதான் உங்கள் வண்டியின் எல்லை. இருபது வளைவும் ஏறி ஏரிப் பக்கம் நிறுத்தியதும் சாவியைத் திருகிவிடாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆயில் ஓடி டர்போ ஆறட்டும். பிறகு பானெட்டைத் திறந்து, ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.