ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் இரும்புக் கணக்கு: நான் எழுதிவைக்கும் முறை

எனக்கு பீட்டா தலசீமியா மேஜர்; உடம்பு போதுமான ஹீமோகுளோபினை உண்டாக்காத பரம்பரை நோய், அதனால் தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோதே ரத்தம் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டேன், சேலத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். டே கேர் வார்டில் பக்கத்துக் கட்டிலில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் ரிப்போர்ட்டை நீட்டி, "ஃபெரிட்டின் இவ்வளவு வந்திருக்கு, பரவாயில்லையாம்மா?" என்று கேட்பார்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பை ஓரளவு காட்டும் ரத்தப் பரிசோதனை. அந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. வேறு எந்த எண்களோடு சேர்த்து அதைப் பார்க்க வேண்டும், எதை எப்போது எழுதிவைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. அவர் முடிவெடுக்கத் தேவையான கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

முதலில் வரவு

உடம்பு இரும்பைப் பொறுத்தவரை வரவுப் பக்கம் மட்டும் உள்ள பேரேடு. தோல், குடல் வழியாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு உதிர்ந்து போகும், அவ்வளவுதான். மிச்சத்தை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஏற்றும் ரத்தத்தில் வருவது முதலில் கல்லீரலில் சேரும். பிறகு இதயம், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் என்று பரவும்.

எவ்வளவு வருகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். பை லேபிளில் எத்தனை மில்லி என்று இருக்கும். இல்லாவிட்டால் ரத்த வங்கியில் கேளுங்கள். அப்படியே அந்தப் பையில் ஹெமட்டோக்ரிட், அதாவது சிவப்பணுவின் பங்கு, எவ்வளவு இருக்கும் என்றும் கேளுங்கள்; பொதுவாக 55 முதல் 60 சதவீதம் என்பார்கள். ஒரு மில்லி சுத்தமான சிவப்பணுவில் 1.08 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, 220 மில்லி பை, 60 சதவீதம் என்றால் 132 மில்லி சிவப்பணு, ஏறக்குறைய 143 மில்லிகிராம் இரும்பு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பை ஏற்றினால் வருடத்துக்கு 17 முறை, 4.8 கிராம் வரும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே மூன்று, நான்கு கிராம்தான்.

இதை 365ஆல் வகுத்து, பிறகு எடையால் வகுங்கள். 40 கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.33 மில்லிகிராம் வருகிறது. 0.3க்குக் கீழே இருந்தால் வரவு குறைவு, 0.5க்கு மேலே போனால் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். இரும்பை வெளியேற்றும் மருந்தின் அளவைத் தீர்மானிக்க டாக்டர் பார்ப்பதில் இதுவும் ஒன்று. பிள்ளைகளின் எடையும் ஏற்றும் அளவும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி போடுங்கள்.

எனவே நோட்டில் ஒவ்வொரு தடவையும் தேதி, எடை, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின், எத்தனை பை, எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. அதே ஹீமோகுளோபினைப் பிடிக்கப் போன வருடத்தைவிட அதிக ரத்தம் தேவைப்பட்டால், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபெரிட்டினை எப்படிப் படிப்பது

10 முதல் 20 தடவை ரத்தம் ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் 1000 நானோகிராமைத் தாண்டியதும், இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஃபெரிட்டின் எடுக்க வேண்டும். 1000க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. தொடர்ந்து 2500க்கு மேல் இருந்தால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது.

ஆனால் ஃபெரிட்டின் இரும்பை மட்டும் காட்டும் எண் இல்லை. காய்ச்சல், சளி, மஞ்சள் காமாலை, கல்லீரல் அழற்சி எது வந்தாலும் ஏறிவிடும். பிள்ளைக்குப் போன வாரம் டைபாய்டு இருந்தது, இன்றைக்கு ஃபெரிட்டின் 3200 என்றால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். குணமாகி சில வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். வைட்டமின் சி குறைவாக இருந்தால் எண் பொய்யாக இறங்கியும் காட்டும். எப்போதாவது மட்டும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா இன்டர்மீடியா வகைக்காரர்களுக்கு, உள்ளே இருப்பதைவிடக் குறைத்துத்தான் காட்டும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: எப்போதும் ஒரே லேப், எப்போதும் ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால், காய்ச்சல் இல்லாத நாளில். அன்றைய உடல்நிலையை எண்ணுக்குப் பக்கத்திலேயே இரண்டு வார்த்தையில் எழுதிவைப்பேன். வருடக் கடைசியில் நான்கைந்து எண்களையும் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தால் போதும். 1100, 1400, 1900 என்று ஏறுகிற கோடு, 2000த்தில் நிற்கிற கோட்டைவிட எனக்குக் கவலை தரும். ஏறுகிறது என்றால் மருந்து போதவில்லை, அல்லது மருந்து ஒழுங்காக உள்ளே போகவில்லை. இரண்டில் எது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் நோட்டில் விட்டுப்போன மருந்து நாட்களுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். பிள்ளையைத் திட்டாமல் கேட்டால்தான் அந்தக் கட்டத்தில் உண்மை எழுதப்படும்.

இதயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். கல்லூரி முடித்த சமயத்தில் என் ஃபெரிட்டின் 1000 பக்கம் வந்து நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எக்கோவும் நார்மல். டாக்டர் மட்டும், "எதற்கும் ஒரு டி2 ஸ்டார் எடுத்துவிடலாம்" என்றார். உறுப்பில் படிந்த இரும்பை அளக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் அது. இதயத்தில் 14 மில்லிசெகண்ட் வந்தது. 20க்கு மேல் இருக்க வேண்டும். 10க்கும் 20க்கும் நடுவே என்றால் இரும்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் அபாயம் பெரிது. இரும்பை வெளியேற்ற எனக்குப் பகலில் டெஃபெரிப்ரோன் மாத்திரை, ராத்திரியில் டெஸ்ஃபெரால் பம்ப் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி, இடுப்பில் பம்ப், அப்படியேதான் தூங்க வேண்டும். இதயத்திலிருந்து இரும்பு மெதுவாகத்தான் போகும், வருடக்கணக்கில் ஆகும். என் எண் 20ஐத் தாண்டியபோது நான் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் இப்படி எப்படி ஆகும்? கல்லீரலில் இருப்பது மருந்துக்குச் சீக்கிரம் இறங்கிவிடும், அதோடு ஃபெரிட்டினும் இறங்கும். இதயத்தில் படிந்தது அங்கேயே நிற்கும். 2001இல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனைக் குழு இந்த எம்ஆர்ஐ முறையை வெளியிட்டபோதே, இதயத்தின் எண்ணுக்கும் ஃபெரிட்டினுக்கும் தொடர்பு காணவில்லை என்று காட்டியிருந்தார்கள். எக்கோவோ, இதயத் தசை பலவீனமான பிறகுதான் மாற்றத்தைக் காட்டும். வருடா வருடம் எக்கோ எடுங்கள், ஆனால் அதை டி2 ஸ்டாருக்குப் பதிலாக நினைக்காதீர்கள்.

பிள்ளை அசையாமல் படுக்கும் வயதில், எட்டு முதல் பத்து வயதுக்குள், முதல் ஸ்கேனை எடுத்துவிடலாம். பிறகு வருடத்துக்கு ஒன்று. எண் மோசமாக இருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி, நன்றாகவே இருந்தால் இரண்டு வருட இடைவெளியும் டாக்டர் சொல்லலாம். ஸ்கேன் சென்டருக்கு முன்கூட்டியே போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். இதயம், கல்லீரல் இரண்டுக்கும் இரும்பை அளக்கும் மென்பொருள் இருக்கிறதா? மெஷின் 1.5 டெஸ்லாவா? ரிப்போர்ட்டில் எண்ணைக் கொடுப்பார்களா? நான் மேலே சொன்ன 20, 10 என்ற எல்லைகள் 1.5 டெஸ்லா மெஷினுக்கு உரியவை. 'இரும்புப் படிவு காணப்படுகிறது' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை அடுத்த வருடத்தோடு ஒப்பிடவே முடியாது. இந்த அளவீட்டுக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. உள்ளே படுத்திருக்கும்போது 'மூச்சைப் பிடி' என்று பலமுறை சொல்வார்கள். பிள்ளைகளை ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் படுக்கவைத்து, பதினைந்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கப் பழக்குங்கள்.

கல்லீரலின் எண் வேறு கணக்கு. உலர் எடையில் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். 1.8க்குக் கீழே இயல்பு. 7 வரை லேசானது, 15ஐத் தாண்டினால் கடுமையானது.

மற்ற உறுப்புகள்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரத்தை அளந்து எழுதுங்கள். பிட்யூட்டரியில் இரும்பு படிந்தால் முதலில் தெரிவது வளர்ச்சியிலும் பருவமடைவதிலும்தான். நான் 16 வயது வரை வயதுக்கு வரவில்லை. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போய் ஹார்மோன் எடுத்த பிறகுதான் எல்லாம் சரியாகத் தொடங்கியது. பெண் பிள்ளைக்கு 13, ஆண் பிள்ளைக்கு 14 ஆகியும் பருவ மாற்றம் எதுவும் தொடங்காவிட்டால், 'நோய்க்காரப் பிள்ளை, மெதுவாகத்தான் வரும்' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

பத்து வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை தைராய்டு, கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், எலும்பு அடர்த்தி, சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி நமக்குச் சரிவராது, ஏனென்றால் உடம்பில் ஓடுவது பாதிக்கு மேல் அடுத்தவர் ரத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையும்தான் சரி.

மருந்தையும் கண்காணிக்க வேண்டும்

இரும்பை வெளியேற்றும் இன்னொரு மாத்திரையான டெஃபெராசிராக்ஸ் எடுப்பவர்கள் மாதம் ஒரு முறை கிரியேட்டினின், கல்லீரல் என்சைம்கள், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையை நிறுத்தலாமா என்று கேளுங்கள், சிறுநீரகம் அடிபடும். டெஃபெரிப்ரோனுக்கு வெள்ளையணு எண்ணிக்கை, குறிப்பாக நியூட்ரோஃபில், முக்கியம். தொடக்கத்தில் வாரம் ஒரு முறை பார்ப்பார்கள். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் போக வேண்டும். டெஸ்ஃபெரால் போடுபவர்களுக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால் பம்பை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெஸ்ஃபெரால், டெஃபெராசிராக்ஸ் இரண்டுக்குமே வருடம் ஒரு முறை கண், காது பரிசோதனை உண்டு.

டெஃபெரிப்ரோனிலும் டெஸ்ஃபெராலிலும் சிறுநீர் செம்மண் நிறமாகப் போகலாம்; அது வெளியேறும் இரும்பு, பயம் வேண்டாம். டெஃபெராசிராக்ஸ் எடுத்தால் இரும்பு பெரும்பாலும் மலத்தில்தான் போகும், அதனால் சிறுநீர் நிறத்தைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா, பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம்? நம் பிள்ளைகளுக்கு அது கூடாது. வகுப்பாசிரியரிடம் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், வருடா வருடம் ஆசிரியர் மாறும்போது மறுபடி கொடுங்கள். சொந்தக்காரர்கள் வாங்கி வரும் 'ரத்தம் ஊறும்' டானிக்கும் வேண்டாம். முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடலாம், ஒரு பை ரத்தத்துக்கு முன்னால் அதில் சேரும் இரும்பு அற்பம். வைட்டமின் சி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. தேங்கிய இரும்பை அது கிளறிவிட்டு இதயத்தைப் பாதிக்கும்.

பிள்ளை வளர்ந்ததும் குழந்தைகள் வார்டிலிருந்து பெரியவர்கள் வார்டுக்கு மாற்றுவார்கள். அங்கே புது டாக்டர், அவர் முன்னால் நீண்ட வரிசை. நோட்டின் முதல் பக்கத்தில் ரத்த வகை, ஆன்டிபாடி ஏதாவது உண்டா, என்ன மருந்து எவ்வளவு, கடைசி மூன்று ஃபெரிட்டின், கடைசி டி2 ஸ்டார் எண்கள் தேதியோடு, எந்த மருந்துக்கு என்ன ஒவ்வாமை என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள், ஒவ்வொரு புது ரிப்போர்ட்டுக்குப் பிறகும் மாற்றி எடுங்கள்.