சண்டிகர் கேப்பிட்டல் வளாகம்: போகும் முன் ஒரு குறிப்பு
கட்டடக் கலைஞர் லே கார்புசியே வடிவமைத்த இந்த அரசு வளாகத்தைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். சிலருக்கு அது வெறும் கான்கிரீட் பொட்டல். 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகும் சண்டை ஓயவில்லை. சரி, நேரில் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. இங்குள்ள உயர் நீதிமன்றம், சட்டமன்றம், தலைமைச் செயலகம் மூன்றும் இன்றும் இயங்குகின்றன. செக்டர் 1-இல் உள்ள சுற்றுலா மையத்தில் புகைப்பட அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்தால், வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். காலைச் சுற்றே நல்லது. கட்டடங்களுக்கு நடுவே உள்ள பெரிய வெளியில் நிழலே கிடையாது (விமர்சகர்கள் சொல்வதில் இது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை). தொப்பி, தண்ணீர் அவசியம். உயர் நீதிமன்ற வாசலின் பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்களைத் தவறவிடாதீர்கள். அப்புறம் நேரம் இருந்தால் செக்டர் 19-க்கும் போங்கள். சண்டிகர் நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் குழுவின் பழைய அலுவலகம் இப்போது அருங்காட்சியகம்.