கோம்பை நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் (நானும் செய்தவைதான்)

போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் பேசினார். கோட்டையூரில் பூர்வீக வீடு. "அண்ணே, வீடு பூட்டியே கெடக்கு. ஒரு கோம்பைக் குட்டி பாத்துக் குடுங்க. நல்லா மூர்க்கமா இருக்கணும்" என்றார். சோறு யார் வைப்பார்கள் என்று கேட்டேன். வாட்ச்மேனாம். வாட்ச்மேன் பேர் என்ன என்றேன். "இருங்கண்ணே, மேனேஜர்ட்ட கேட்டுச் சொல்றேன்."

இந்த மாதிரி அழைப்பு அடிக்கடி வருகிறது. கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் காரைக்குடிப் பக்கம் இந்தத் தப்பை முதலில் செய்தவர்களில் நானும் ஒருவன். தடுப்பூசி போடுங்கள், கோழி எலும்பு போடாதீர்கள் என்பதையெல்லாம் எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறத்தைப் பார்த்து வாங்குவது

செவலை உடம்பு, கருத்த மூஞ்சி இருந்தால் கோம்பை என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். காரைக்குடி தெருநாய்களில் எத்தனைக்கு அந்த நிறமும் மூஞ்சியும் இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம் பக்கம் கோம்பை என்ற ஊரால்தான் இந்த இனத்துக்கு அந்தப் பேர் வந்தது. அங்கேயே போனாலும் தாயைப் பார்க்காமல் குட்டியைத் தொடாதீர்கள். "தாய் வேற எடத்துல இருக்கு" என்றால் வண்டியைத் திருப்பிவிடலாம். குட்டி போட்ட தாய் உங்களைப் பார்த்து உறுமினால் அது நியாயம். வளர்க்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

ராஜபாளையம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005இல் அஞ்சல்தலையிலேயே வந்த நாய் அது. பால் வெள்ளையும் ரோஜா நிற மூக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால் குட்டி செவிடாகவே பிறக்கும். கூட்டத்தோடு இருக்கும்போது இது தெரியாது, மற்ற குட்டிகள் ஓடினால் அதுவும் ஓடும். தனியாகத் தூங்கும்போது பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும்.

முப்பது நாள் குட்டி

சின்னதாக எடுத்தால்தான் ஒட்டும் என்பார்கள். 2017இல் வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதியை விடுங்கள். கூடப்பிறந்தவற்றைக் கடித்து, அவை கத்தி, தாய் அதட்டித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி படிக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் தூக்கி வந்துவிட்டு, கையைக் கடிக்கிறது என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

பூட்டிய வீட்டுக்கு நாய்

பதினாறு வருஷம் இருக்கும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தேக்குத் தூணும் நிலைக்கதவும் களவு போகிற பயம். வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் மலேசியா. காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும். நானே கோம்பைக்குப் போய் 60 நாள் குட்டியாகப் பார்த்து எடுத்து வந்து கொடுத்தேன். அப்போது எனக்கு அதில் பெருமை வேறு.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பகலில் மூன்றாங்கட்டில், அதாவது வீட்டின் பின்பக்க முற்றத்தில், சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவார். பெரியவர் சாப்பிட்ட பிறகுதான் அது சாப்பிடும். ஆனால் அதன் உலகத்தில் இருந்தது அவரும் பால்காரரும்தான். அப்புறம் அவருக்கு உடம்பு முடியாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நாய் என்றால் பயம். தட்டைக் கம்பால் தள்ளிவிட்டுப் போவார். சங்கிலி இரவிலும் அவிழவில்லை. இது எதுவும் எனக்குத் தெரியாது, நானும் போய்ப் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து அந்த வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படையல் போடுகிற விசேஷம். பங்காளிகள் நூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். சமையல் ஆட்கள், பாத்திரச் சத்தம், வளவெல்லாம் பிள்ளைகள். வருஷக் கணக்கில் இரண்டு முகம் பார்த்த நாய்க்கு ஒரே காலையில் ஒரு ஊரே வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? ஏழு வயதுப் பையன் ஒருவன் பந்து எடுக்க மூன்றாங்கட்டுக்குப் போனான். முன்கையில் ஆழமான கடி.

நல்லவேளை, ஓர் ஆச்சி உடனே குழாயடியில் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். அப்புறம் ஆஸ்பத்திரி, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற வெறிநோய் எதிர்ப்பு மருந்து, வரிசையாகத் தடுப்பூசி. நாயைப் பத்து நாள் வைத்துப் பார்த்தார்கள், நோய் எதுவும் இல்லை. பதினோராம் நாள் தேவகோட்டைப் பக்கம் ஒரு தோப்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விஷயம் காதில் விழுந்து நான் தேடிப் போனபோது சங்கிலியின் பாதிதான் மரத்தில் கிடந்தது.

"கோம்பையை நம்பக் கூடாதுங்க" என்று அந்த வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் நாய்க்கு உலகம், மற்றதெல்லாம் அந்நியம். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம் அந்நியத்தின் முன்னால் எளிதில் பின்வாங்காது. பின்வாங்க நினைத்தாலும் சங்கிலியில் கிடக்கிற நாய் எங்கே போகும்? பிள்ளைகளோடு பழக விடாதது நாங்கள், கட்டிப்போட்டது நாங்கள், பேர் மட்டும் கோம்பைக்கு.

கோம்பை வீட்டைக் காக்கிறது என்பதே பாதிதான் உண்மை. அது தன் ஆளைக் காக்கிறது, ஆள் இருக்கிற இடமென்பதால் வீட்டையும் காக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் அதற்கு என்ன வேலை? அதனால் இப்போது வாட்ச்மேனைத்தான் நேரில் வரச் சொல்கிறேன். குட்டியை அவர் தூக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அவர் வேலையை விட்டால் நாய் அவரோடு போகும் என்று முதலிலேயே பேசிக்கொள்கிறேன். "காசு குடுத்து வாங்கிட்டு வாட்ச்மேனுக்குத் தூக்கிக் குடுக்கறதா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குக் கேமராவும் இரும்புக் கிராதியும் போடச் சொன்னேன். விசேஷ நாள் என்றால் முதல் நாளே நாயை அதற்குப் பழகிய வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பக்கத்து அறையில் பூட்டி வைப்பது போதாது, ஏதாவது ஒரு பிள்ளை தாழ்ப்பாளைத் திறக்கும்.

மிளகாய்ப்பொடி வைத்தால் மூர்க்கம் வருமா?

வயிற்றுப்போக்கு வரும்.

காது அறுத்துக் கொடுங்கள்

மாட்டேன்.

துணைக்கு இரண்டு குட்டி

ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், உங்களைப் பார்க்காது. ஒன்றை வளர்த்து முடித்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

தடை செய்த நாயா இது?

இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலரெல்லாம் அதில் இருந்தன. கோம்பை இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும் ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டியலில் இல்லாத நாய் கடித்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எடுத்து வரும் நாள்

கோம்பையிலிருந்து காரைக்குடிக்குக் காரில் நாலைந்து மணி நேரம் ஆகும். இரண்டு பேராகப் போங்கள். பழைய துண்டு ஒன்றைத் தாயின் மேல் தேய்த்து எடுத்துப் பெட்டியில் விரியுங்கள், முதல் இரவு அழுகை கொஞ்சம் குறையும். கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்க வேண்டாம், மேலூர் வருவதற்குள் கக்கிவிடும். டீக் குடிக்க நிறுத்தினால் குட்டியை மண்ணில் இறக்காதீர்கள். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோவின் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு ஒரு முறை மோந்தாலே போதும். ஒருவர் டீக் குடிக்கட்டும், இன்னொருவர் குட்டியை மடியிலேயே வைத்திருக்கட்டும். வேட்டி நனையும். மாற்று வேட்டி ஒன்று கொண்டுபோங்கள்.