பிச்சாவரம் போகிறீர்களா? தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் விருந்தாளி வந்தால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போவோம். அடுத்த முறை, கடல் நீர் வற்றும் நேரம் எப்போது என்று படகோட்டியிடம் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். நீர் ஏறியிருந்தால் வெறும் பச்சைதான் தெரியும். வற்றினால்தான் வேர் தெரியும். காட்டின் கதையே வேரில்தான் இருக்கிறது.

துடுப்புப் படகு நல்லது, இரைச்சல் இல்லை. கரையோரம் முட்டுக்கால் ஊன்றியதுபோல் நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் தொங்கி, பிறகு சேற்றில் விழும். உள்ளே தள்ளிப் பாருங்கள், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர்கள் நீட்டியிருந்தால் அது வெண்கண்டல். இலையை லேசாக நக்கினால் உப்புக் கரிக்கும், மரம் வெளியேற்றிய உப்பு அது. ஆனால் தில்லை மரத்தை மட்டும் தொடவே வேண்டாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம்தான், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

அப்புறம், நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்கள் கண்ணில் பட்டால் படகை நிறுத்தச் சொல்லுங்கள். முன்பு மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை அமுங்கி, தேங்கிய கடல் நீர் வெயிலில் வற்றி, உப்பு ஏறி எதுவும் முளைக்காமல் போனது. 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்ற நீரை உள்ளே விட்டார்கள். உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன. இன்று அங்கே நிழலில் நண்டு ஓடுகிறது.